பாக்கியும் கோர்ட்டும்: வியாபாரிகள் அறிய வேண்டியவை

வியாபாரம் என்றால் கடன் கொடுப்பதும் வாங்குவதும் இருக்கத்தான் செய்யும். கீழமாசி வீதி மொத்தக் கடை முதல் நம் திருநகர் மளிகைக் கடை வரை சரக்கு முன்னே, பணம் பின்னே என்றுதான் நடக்கிறது. நாணயஸ்தர்களிடம் தொல்லை இல்லை. ஆனால் பாக்கி நின்றுபோய், கொடுத்த செக்கும் திரும்பி வந்துவிட்டால், கோர்ட் வாசலை மிதிக்கத் தயங்கியே பலர் பணத்தை விட்டுவிடுகிறார்கள். நடைமுறை தெரியாததே இத்தயக்கத்துக்குக் காரணம். எனவே அதனைச் சுருக்கமாகத் தருகிறோம்.

எந்தக் கோர்ட்?

பாக்கி வசூல் என்பது சிவில் வழக்கு. தொகையைப் பொறுத்து முன்சீப் கோர்ட், சப் கோர்ட், ஜில்லா கோர்ட் என இடம் மாறும். செக் திரும்பிய வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும். ஐகோர்ட் வரை போக நேர்ந்தாலும் நாம் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. 2004 ஜூலை 24 முதல் மதுரையிலேயே ஐகோர்ட் கிளை இயங்கி வருகிறது.

கெடு தவறினால் பணம் போச்சு

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, சரக்கு விற்ற பணத்துக்கு 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். தவணை பேசாமல் கொடுத்திருந்தால் சரக்கு கொடுத்த நாளிலிருந்தும், தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்தும் கணக்கு. அந்த 3 ஆண்டு முடிவதற்குள் பாக்கிதாரர் "இவ்வளவு தர வேண்டியுள்ளது" என எழுதிக் கையெழுத்திட்டால், அன்று முதல் புதிதாக 3 ஆண்டுகள் கிடைக்கும். ஆண்டுதோறும் பாக்கிப் பட்டியலில் கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது.

செக் விஷயத்தில் கெடு மிகக் குறைவு. செக்கை அதன் தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் பாங்கியில் போட வேண்டும். பணமில்லை எனத் திரும்பிய தகவல் வந்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாட்களில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நாம் கணக்கு வைத்து செக்கைப் போட்ட பாங்கிக் கிளை எங்குள்ளதோ அந்த எல்லைக் கோர்ட்டிலேயே வழக்கு நடக்கும். வெளியூர்க்காரர் செக் என்றாலும் நாம் அவர் ஊருக்குப் போக வேண்டியதில்லை.

வழக்கு விவரம் பார்ப்பது எப்படி?

"வாய்தா என்றைக்கு?" என வக்கீல் குமாஸ்தாவையே நம்பியிருந்த நிலை இப்போது இல்லை. இ-கோர்ட்ஸ் இணையத்திலும் செல்போன் செயலியிலும், வழக்கு எண் அல்லது கட்சிக்காரர் பெயரைக் கொடுத்தால் அடுத்த வாய்தா, கோர்ட் பிறப்பித்த உத்தரவு ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எனும் 16 இடம் கொண்ட தனி அடையாளம் உண்டு. அதைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

பெருந்தொகைக்குக் கடன் கேட்கும் புதிய பார்ட்டி மீது வழக்குகள் உள்ளனவா என்றும் இதிலேயே பார்க்கலாம். ஆனால் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தகப்பனார் பெயர், விலாசம் சரிபார்க்காமல் யாரையும் குறை சொல்லிவிடக் கூடாது. வழக்கு இருப்பதாலேயே ஒருவர் மோசக்காரர் ஆகிவிடவும் மாட்டார்.

சான்றிட்ட நகல்

இணையத்தில் எடுத்த தாள் நம் தகவலுக்கு மட்டுமே. அப்பீலுக்கும் சாட்சியத்துக்கும் கோர்ட் முத்திரையிட்ட நகல் வேண்டும். வாதி, பிரதிவாதி நகல் மனுக் கொடுத்து, கட்டணம் செலுத்திப் பெறலாம். வழக்கில் இல்லாத மூன்றாம் நபர், எதற்காக வேண்டும் என விளக்கி மனுச் செய்ய வேண்டும். அமெரிக்காவின் கவுண்டி கோர்ட்டுகளில் பெரும்பாலான ஆவணங்களை யாரும் காரணம் சொல்லாமலே கேட்டுப் பார்க்கலாம். இங்கு அப்படியில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே எனத் தோன்றும். கோர்ட் விதிகளின்படிதான் நகல் பெற வேண்டும் என சுப்ரீம் கோர்ட் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்துவிட்டது.

முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மீது அப்பீலுக்கு 30 நாட்களே கெடு. நகல் தயாராக எடுத்துக்கொண்ட நாட்கள் இதில் சேராது. ஆகவே தீர்ப்பு வந்ததுமே நகல் மனுப் போட்டுவிடுங்கள்.

சமரசமே லாபம்

நடந்துகொண்டிருக்கும் வழக்கை மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால், கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்த முடிவின் மீது அப்பீலும் கிடையாது. வருடக்கணக்கில் இழுப்பதைவிட, கொஞ்சம் விட்டுக்கொடுத்து மீதியைக் கையில் வாங்குவது பல நேரம் மேல்.

எந்த வழியில் போனாலும் கோர்ட் கேட்பது காகிதத்தைத்தான். பில், டெலிவரி கையெழுத்து, பேரேடு, திரும்பிய செக்குடன் வந்த பாங்கி மெமோ, நோட்டீஸ் அனுப்பிய தபால் ரசீது ஆகிய ஐந்தையும் பத்திரப்படுத்துங்கள். செக் திரும்பினால் அன்றே வக்கீலைப் பாருங்கள்.