பழைய புல்லட்டில் வெயிட் குறைக்கணுமா? எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது?

ராயல் என்ஃபீல்டின் பழைய கிளாசிக் 350 சுமார் 190 கிலோ. பார்க்கிங்கில் தள்ளித் திருப்பும்போதே கை வலிக்கும். எடையைக் குறைக்க என்ன வழி?

செலவே இல்லாதது முதலில். தினமும் தேவைப்படாத கேரியர், சைடு பாக்ஸைக் கழற்றிடுங்க. ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 750 கிராம். 13 லிட்டர் டேங்க் நிரம்பினால் கிட்டத்தட்ட 10 கிலோ. ஆபீஸ் போய்வர அரை டேங்க் போதும்னா, 5 கிலோ குறைஞ்சாச்சு.

அடுத்தது பேட்டரி. லெட்-ஆசிட்டுக்குப் பதிலாக லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி போட்டால் சில கிலோ குறையும். ஆனால், சார்ஜிங் 14.6 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. மாட்டும் முன் மெக்கானிக்கிடம் ரெகுலேட்டரை செக் பண்ணிடுங்க.

சாரி கார்டை மட்டும் தொடாதீங்க. சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்காமல் தடுப்பது அதுதான். பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு, பின்னால் உட்கார்பவருக்கான கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதி 123-ன்படி கட்டாயம்.

அனுமதியில்லாத மாற்றம் செய்தால், சட்டப்பிரிவு 182ஏ(4)-ன்படி வண்டி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம்; இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

ஒன்றிரண்டு கிலோவுக்காகப் பின்னால் உட்கார்பவரின் பாதுகாப்பைக் கழற்ற வேண்டாமே!