யப்பானிய வாள்: வன்மையாக்கலும் பதப்படுத்தலும்



உருக்கைச் செஞ்சூடாகக் காய்ச்சி நீரில் அமிழ்த்தினால் அது வன்மையடையும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் "ஏன் வன்மையடைகின்றது?" என்று வினவினால் உங்களிற் பலர் "குளிர்ந்தபடியால்" என்று எழுதிவிடுகின்றீர்கள். இவ்விடை போதாது. அதே உருக்கை மெதுவாக ஆறவிட்டாலும் அது குளிரத்தான் செய்கின்றது. ஆனால் அவ்வாறு வன்மையடைவதில்லை. எனவே காரணம் குளிர்தலில் அன்று, குளிரும் வேகத்திலேயே உள்ளது. இதனை விளங்கிக்கொள்ள யப்பானிய வாள் மிகச் சிறந்த உதாரணமாகும்.

பிரச்சினை யாது?

வாளொன்றுக்கு இரண்டு இயல்புகள் தேவை. வெட்டும் விளிம்பு மழுங்காதிருக்க வன்மை வேண்டும். அடிபடும்போது முறியாதிருக்க நெகிழ்ந்து தாங்கும் தன்மை வேண்டும். ஆனால் உருக்கின் வன்மை கூடும்போது நொறுங்கும் தன்மையும் கூடுகின்றது. வாள் முழுவதையும் வன்மையாக்கினால் அது முறியும். முழுவதையும் மென்மையாக விட்டால் விளிம்பு மழுங்கும். யப்பானியக் கொல்லர் கண்ட தீர்வு, ஒரே வாளின் விளிம்பையும் முதுகையும் வெவ்வேறு வேகத்தில் குளிரச் செய்வதாகும்.

மூலப்பொருள்

இவ்வாளுக்குரிய உருக்கு 'தமஹகானே' எனப்படும். இரும்பு மணலையும் மரக்கரியையும் 'தத்தாரா' எனும் களிமண் உலையிலிட்டு ஏறக்குறைய மூன்று நாட்கள் இரவுபகலாக எரித்து இது பெறப்படுகின்றது. யப்பானின் ஷிமானே பிரதேசத்தில் இத்தகைய உலையொன்று 1977 இல் மீள இயங்கத் தொடங்கியது.

கொல்லர் இவ்வுருக்கைச் சூடாக்கி, அடித்து, மடித்து, மீண்டும் அடிப்பர். இதனால் கசடு வெளியேறும். காபன் சீராகப் பரவும். முடிவில் விளிம்பு உருக்கிலுள்ள காபனின் அளவு ஏறக்குறைய 0.6 - 0.7 சதவீதமாக இருக்கும். காபன் மிகக் குறைவாக இருப்பின் உருக்கை நீரில் அமிழ்த்தியும் பயனில்லை என்பதைக் கவனிக்குக.

செய்முறைப் படிகள்

1. களிமண் பூசுதல்: களிமண், மரக்கரித் தூள், சாணைக்கல் தூள் என்பவற்றைக் குழைத்து வாளின் மீது பூசுவர். முதுகுப்புறத்தில் தடிப்பாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசுவர்.

2. சூடாக்கல்: வாளை ஏறக்குறைய 750°C - 800°C வரை சூடாக்குவர். மரபுமுறைக் கொல்லர் வெப்பமானியைப் பயன்படுத்துவதில்லை. பட்டறையை இருட்டாக்கி, உருக்கு ஒளிரும் நிறத்தைக் கண்ணாற் பார்த்தே வெப்பநிலையை மதிப்பிடுவர். சூடு குறைந்தால் வன்மை வராது. மிஞ்சினால் வாள் வெடிக்கக்கூடும்.

3. நீரில் அமிழ்த்தல்: சூடான வாளை நீர்த்தொட்டியில் அமிழ்த்துவர். மெல்லிய பூச்சுள்ள விளிம்பு சடுதியாகவும் தடித்த பூச்சுள்ள முதுகு மெதுவாகவும் குளிரும்.

உள்ளே நடப்பது என்ன?

உயர் வெப்பநிலையில் காபன் அணுக்கள் இரும்பு அணுக்களுக்கிடையே கரைந்திருக்கும். மெதுவாகக் குளிர்ந்தால் அவை விலகிச் சென்று இரும்புடன் சேர்ந்து தனிப் படைகளாக அமைய நேரம் உண்டு. அவ்வாறு உருவாகும் அமைப்பு 'பேர்லைற்' ஆகும். இது ஓரளவு மென்மையானது. சடுதியாகக் குளிர்ந்தால் விலகிச் செல்ல நேரம் இல்லை. வகுப்பு விடும் வேளையில் கதவைத் திடீரெனப் பூட்டினால் மாணவர் உள்ளேயே நெருக்குண்டு நிற்பது போன்று, காபன் அணுக்கள் அகப்பட்டு இரும்பின் அணு ஒழுங்கைத் திரிபடையச் செய்கின்றன. இவ்வமைப்பே 'மார்ட்டென்சைற்' ஆகும். இது மிக வன்மையானது. ஆனால் எளிதில் நொறுங்கக்கூடியது.

மார்ட்டென்சைற்று உருவாகும்போது உருக்கின் கனவளவு சிறிது அதிகரிக்கும். எனவே விளிம்பு நீள, வாள் முதுகுப்புறமாக வளைகின்றது. வாளின் அழகிய வளைவு சுத்தியலால் மட்டும் வந்ததன்று. அதே விசையால் விளிம்பில் வெடிப்பும் ஏற்படலாம். அவ்வாறு வெடித்தால் பல நாள் உழைப்பு சில செக்கன்களில் வீணாகிவிடும்.

4. பதப்படுத்தல்: இறுதியாக வாளை ஏறக்குறைய 150°C - 200°C வரை மட்டும் மீளச் சூடாக்குவர். இதனால் உள்ளே தேங்கிய தகைப்பும் நொறுங்கும் தன்மையும் குறையும். வன்மையில் சிறிதளவே இழக்கப்படும்.

தீட்டி மினுக்கிய பின்னர் வன்மையான பகுதிக்கும் மென்மையான பகுதிக்கும் இடையே வெண்ணிற அலைபோன்ற எல்லை தெரியும். இதனை 'ஹமொன்' என்பர்.

நினைவிற் கொள்க

• வன்மையாக்கல் வேறு, பதப்படுத்தல் வேறு. முன்னையது வன்மையைத் தருவது. பின்னையது நொறுங்கும் தன்மையைக் குறைப்பது.
• இவ்விரண்டின் ஒழுங்கை மாற்றி எழுதாதீர்கள்.

மாதிரி வினா

வாளின் முதுகில் களிமண் தடிப்பாகப் பூசப்படுவது ஏன்?

விடை: தடித்த களிமண் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். அதனால் முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையான அமைப்பைப் பெறும். எனவே அடிபடும்போது வாள் முறியாது தாங்கும்.

"முறியாதிருக்க" என்று மட்டும் எழுதினால் காரணம் கூறியதாகாது. மூன்று வசனங்களையும் தொடர்புபடுத்தி எழுதிப் பழகுங்கள்.