பச்சை இலைக்குள் உக்கிய மரம்

வடகீழ்ப் பருவக்காற்று தொடங்குமுன், உவர்மலை முதல் கிண்ணியா, மூதூர் வரை வீட்டுக் கூரைகளுக்கு மேலே படர்ந்த கிளைகளைத் தறிப்பதற்கு ஆள் தேடுவது நமது மாவட்டத்தின் வழக்கம். 2000 டிசெம்பர் 26ஆம் திகதி வீசிய சூறாவளியையும் 2020 டிசெம்பரில் வந்த புரவிப் புயலையும் கண்ட மக்களுக்கு இம்முன்னெச்சரிக்கை அவசியமானதே. ஆயினும் ஏறுபவரை அம்மரம் தாங்குமா என்று நாம் கேட்பதில்லை. இலை பச்சையாக இருக்கிறது, ஆண்டுதோறும் காய்க்கிறது, எனவே மரம் திடமானது என்று எண்ணிவிடுகிறோம்.

புளி, வேம்பு, வாகை போன்ற மரங்களில் வேரிலிருந்து நீரை மேலே கொண்டு செல்வது பட்டையை அடுத்துள்ள வெளிறுப் பகுதியாகும். நடுவிலுள்ள வைரம் உயிரற்றது. மரத்தைத் தாங்கி நிற்பதே அதன் பணி. முறிந்த கிளை, கத்திக் காயம், அடியில் குப்பை எரித்த தழும்பு ஆகியவற்றினூடாகப் புகும் பூஞ்சணம் வைரத்தை ஆண்டுக்கணக்கில் உக்கச் செய்தாலும் இலைகளுக்கு நீர் குறைவதில்லை. உள்ளே கோறையான மரம் வெளியே செழித்து நிற்பதன் காரணம் இதுவே. மரம் தன் காயத்தை ஆற்றுவதில்லை, அதனைச் சுற்றி அரண் எழுப்பி அடைத்துவிடுகிறது என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1977இல் விளக்கினார். கிளையை அடிமரத்தோடு ஒட்டச் சீவினால் அந்த அரண் அமையும் இடமே போய்விடும். நேர்த்தி என்று நாம் பாராட்டும் வெட்டுத்தான் பூஞ்சணத்துக்கு வாசலாகிறது.

தென்னையின் நிலை வேறு. அதற்கு வைரமும் இல்லை, காயத்தை மூடும் ஆற்றலும் இல்லை. ஏறுவதற்காகத் தண்டில் வெட்டும் படிகள் மரம் உள்ளவரை அப்படியே இருக்கும். சிவப்புக் கூன்வண்டு இத்தகைய காயங்களில் முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் உள்ளே தின்று முடிக்கும் கட்டத்திலேயே குருத்து வாடத் தொடங்குகிறது.

அடிமரத்தில் தட்டுப் போன்ற காளான், பொந்தில் தேன்கூடு, கறையான் மண், வேரடியில் நிலவெடிப்பு ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். மரச் சுத்தியலால் தட்டும்போது கோறையான இடம் பறைபோல ஒலிக்கும். வேர் உக்கியிருந்தால் இந்தத் தட்டல் அதனைக் காட்டாது. கோறையான மரம் எல்லாமே விழுந்துவிடும் என்பதில்லை. சுற்றுச் சுவர் தடிப்பாயின் நெடுங்காலம் நிற்கும். ஏறுபவருக்கோ அடிமரம் நிற்பது மட்டும் போதாது. கயிறு கட்டிய கிளை உக்கியிருந்தால் பாதுகாப்புக் கயிறும் அவரோடு கீழே வரும்.

2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பேருந்தின் மீது மரம் விழுந்து ஐவர் உயிரிழந்தபோது நாடே பேசியது. மரமேறும் கூலித் தொழிலாளி விழுந்தால் செய்தி அயலோடு நின்றுவிடும். அவர் ஏறத் தயங்கினால் கூலியை உயர்த்தி இணங்க வைப்பது முறையன்று. தூக்கி பொருத்திய வாகனத்திலிருந்தே அத்தகைய கிளைகளைத் தறிக்க வேண்டும். கோவில், பள்ளிவாசல், பாடசாலை வளவுகளின் முதுமரங்களை நிருவாகத்தினர் ஆவணி மாதத்திலேயே பார்வையிடுவது நல்லது. பலா, ஈரப்பலா ஆகியவற்றைத் தறிப்பதற்குப் பிரதேச செயலகத்தின் அனுமதியும் பெற வேண்டியிருப்பதால், மழை தொடங்கிய பின் விண்ணப்பிப்பதில் பயனில்லை.