கம்ப்யூட்டருக்கு 'ஓ.எஸ்.' போட கண் தேவையா? பார்வையற்றவர்களுக்கு பேசி வழிகாட்டும் இன்ஸ்டாலர்கள்

பார்வையற்றவர்கள் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பது இப்போது யாருக்கும் அதிசயம் இல்லை. பேங்கில், பள்ளிக்கூடத்தில், அரசு ஆபீசில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மளமளவென்று டைப் அடிக்கிறார்கள். திரையில் இருப்பதை ஒரு குரல் படித்துச் சொல்ல, அதைக் கேட்டே வேலையை முடித்து விடுகிறார்கள்.

ஆனால் அதே கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, 'விண்டோஸ் போயிடுச்சு, பார்மெட் அடிச்சு புதுசா ஓ.எஸ். போடணும்' என்ற நிலைமை வந்தால்? அந்த நிமிடமே குரல் நின்று விடும். கம்ப்யூட்டரில் பழம் தின்று கொட்டை போட்டவராக இருந்தாலும், 'யாராவது வந்து திரையைப் பார்த்துச் சொல்லுங்களேன்' என்று ஆள் தேட வேண்டியதுதான்.

பல வருஷமாக இருந்த இந்தக் குறை இப்போது பெரும்பாலும் தீர்ந்து விட்டது. முதல் திரையில் இருந்தே பேசும் இன்ஸ்டாலர்கள் வந்து விட்டன. ஆனால் அவற்றைப் பேச வைக்க எந்த கீயைத் தட்ட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு 'விண்டோஸ் 10'-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் நிறுவனம் முடித்துக் கொண்டது. இதனால் வீட்டுக்கு வீடு புது ஓ.எஸ். போடும் வேலை வந்திருக்கிறது. எனவே பார்வையற்றவர்களும், அவர்களது குடும்பத்தினரும், சர்வீஸ் கடைக்காரர்களும் தெரிந்து கொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

குரல் ஏன் நின்று போகிறது?

திரையைப் படித்துச் சொல்லும் சாப்ட்வேருக்கு 'ஸ்கிரீன் ரீடர்' என்று பெயர். இதில் பிரபலமானது 'ஜாஸ்'. மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்த அமெரிக்கர் டெட் ஹென்டர், 1978-ல் நடந்த கார் விபத்தில் பார்வையை இழந்தார். அதன் பிறகு கம்ப்யூட்டர் படித்து அவர் தொடங்கிய கம்பெனிதான் 1989-ல் ஜாஸை கொண்டு வந்தது.

ஜாஸ் விலை அதிகம். அதற்கு மாற்றாக ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் குர்ரான் 2006-ல் தொடங்கியது 'என்.வி.டி.ஏ.'. இவரும் பார்வையற்றவர்தான். இந்த சாப்ட்வேருக்கு காசே கிடையாது. இதனுடன் வரும் 'ஈஸ்பீக் என்.ஜி.' குரல் தமிழையும் வாசிக்கும்.

ஆனால் ஸ்கிரீன் ரீடர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், அதுவும் ஓ.எஸ்.சுக்குள் ஓடும் ஒரு சாப்ட்வேர்தான். வீட்டுக்கு கரண்ட் கனெக்சன் வந்தால்தானே பேன் சுத்தும்? அதுபோல ஓ.எஸ். ஏறினால்தான் ஸ்கிரீன் ரீடர் ஓடும். ஸ்பீக்கரில் சத்தம் வரவும் 'சவுண்டு டிரைவர்' வேண்டும். ஓ.எஸ். போடும் நேரத்தில் இது இரண்டுமே கிடையாது. பழைய ஓ.எஸ். அழிந்திருக்கும், புதுசு இன்னும் வந்திருக்காது. நடுவில் இருக்கும் அந்த நேரம் முழுக்க ஊமைப் படம்தான்.

எக்ஸ்.பி. காலத்து மனப்பாடம்

2001-ல் வெளிவந்த 'விண்டோஸ் எக்ஸ்.பி.'யை போட்டவர்களுக்கு அந்த நீலத் திரை ஞாபகம் இருக்கும். முதலில் 'என்டர்'. அப்புறம் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்ள 'எப் 8'. அடுத்து ஹார்டு டிஸ்க்கை பிரிக்கும் திரை. அங்கே 'டி' அடித்து, உறுதி செய்ய 'எல்' தட்டினால், அந்தப் பகுதியில் இருந்த அத்தனையும் காலி!

பிறகு 25 எழுத்து, எண் கொண்ட 'பிராடக்ட் கீ'யை டைப் அடிக்க வேண்டும். அது பொடி எழுத்தில் ஸ்டிக்கரில் அச்சாகி இருக்கும்.

பார்வையற்றவர்களில் துணிச்சலானவர்கள் இதையும் விடவில்லை. எந்த திரையில் எந்த கீ, நடுவில் எத்தனை நிமிடம் காத்திருப்பது என்று மனப்பாடம் செய்து கொண்டார்கள். சி.டி. சுற்றும் சத்தத்தையும், ஹார்டு டிஸ்க் கரகரக்கும் சத்தத்தையும் வைத்து 'இப்ப காப்பி ஆகுது, இப்ப ரீ-ஸ்டார்ட் ஆகுது' என்று கணித்தார்கள். நடுவில் எதிர்பாராத ஒரு எச்சரிக்கை வந்து விட்டால் கணக்கு தப்பி விடும். என்ன கேட்கிறது என்றே தெரியாமல் கீயைத் தட்டினால் ஹார்டு டிஸ்க்கே துடைக்கப்படும் அபாயம் இருந்தது.

விவரம் தெரிந்த வேறு சிலர் 'பதில் பைல்' முறையைக் கையாண்டார்கள். இன்ஸ்டாலர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு எல்லாம் முன்கூட்டியே ஒரு பைலில் பதில் எழுதி வைத்து விட்டால், அது எதையும் கேட்காமல் தானாகவே வேலையை முடித்து விடும். இந்த வசதி இன்றைக்கும் உண்டு. ஆனால் அந்த பைலில் ஒரு வரி தப்பானாலும் வம்பு.

இரவல் கண்

'இதுக்கு என்ன, கடையில கொடுத்தா போட்டுத் தரப் போறாங்க' என்று கேட்கலாம். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியே 'பாஸ்வேர்டு என்ன?' என்பதுதான். பார்வை உள்ளவருக்கு முன்னால் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து வேலை பார்த்தால், என்ன நடக்கிறது என்று அவர் பார்த்துக் கொள்ளலாம். பார்வையற்றவர் முன்னால் உட்கார்ந்திருந்தாலும், எந்த போல்டர் திறக்கப்பட்டது, எது காப்பி எடுக்கப்பட்டது என்று தெரிய வழியில்லை.

கடைக்கு கம்ப்யூட்டர் போய் விட்டால் அது திரும்பி வரும் வரை வேலையும் நின்று விடும். வீட்டில் இருந்தபடி டைப்பிங் செய்து சம்பாதிப்பவருக்கு அது வருமானப் பிரச்சினை. கம்ப்யூட்டர் சர்வீஸ், சர்வர் பராமரிப்பு போன்ற வேலைக்குப் போக நினைக்கும் பார்வையற்ற இளைஞருக்கு, 'உன்னால ஓ.எஸ். போட முடியுமா?' என்ற ஒரு கேள்வியே கதவைச் சாத்தி விடும்.

முதல் திரையிலேயே பேச்சு

இந்த விஷயத்தில் இலவச சாப்ட்வேரான 'லினக்ஸ்' உலகம் முன்கூட்டியே வழிகாட்டியது. லினக்சில் ஒரு வகை 'டெபியன்'. 2013-ம் ஆண்டு மே மாதம் வெளியான அதன் 7-வது பதிப்பில், பேச்சைக் கேட்டே இன்ஸ்டால் செய்யும் வசதி பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது.

முறை ரொம்ப சுலபம். பென் டிரைவை செருகி கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் 'பீப்' சத்தம் கேட்கும். உடனே 'எஸ்' கீயைத் தட்டி, 'என்டர்' கொடுக்க வேண்டும். அவ்வளவுதான், குரல் வந்து விடும்.

கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட சவுண்டு கார்டு இருந்தால், ஒவ்வொன்றிலும் மாறி மாறிப் பேசிப் பார்க்கும். எதில் காதுக்கு கேட்கிறதோ அப்போது 'என்டர்' தட்டினால் அதையே பிடித்துக் கொள்ளும். அடுத்து ஒவ்வொரு கேள்வியையும் படித்து, பதில்களுக்கு நம்பர் சொல்லும். நம்பரை அடித்தால் போதும், மவுஸ் வேண்டியதே இல்லை. யு.எஸ்.பி. பிரெய்ல் கருவி வைத்திருப்பவர்கள் அதைச் செருகினால், விரலால் தடவிப் படித்தும் இன்ஸ்டால் செய்யலாம்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பேச்சு மூலம் இன்ஸ்டால் செய்தால், புதிதாக ஏறும் ஓ.எஸ்.சிலும் பேச்சு வசதி அமைக்கப்பட்டு விடும். 'போட்டாச்சு, ஆனா பேச மாட்டேங்குதே' என்று மறுபடி ஆள் தேட வேண்டியதில்லை.

மனைவிக்காக உருவாக்கியவர்

ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர், 'நாப்பிக்ஸ்' என்ற லினக்சை உருவாக்கியவர். ஹார்டு டிஸ்க்கில் போடாமல் சி.டி.யில் இருந்தே ஓடும் ஓ.எஸ். இது. இவரது மனைவி ஆட்ரியானேவுக்கு பார்வைக் குறைபாடு உண்டு. அதனால் திரையே பார்க்காமல் பேச்சாலும் பிரெய்லாலும் இயக்கும் ஒரு முறையை நாப்பர் உருவாக்கி, அதற்கு மனைவியின் பெயரையே வைத்தார்.

கம்ப்யூட்டர் படுத்து விட்டால் இதுபோன்ற சி.டி. அல்லது பென் டிரைவில் இருந்து தொடங்கி, பைல்களை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும்.

ஆப்பிளும் மைக்ரோசாப்டும்

ஆப்பிள் நிறுவனம் 2005-ல் 'டைகர்' பதிப்பில் 'வாய்ஸ் ஓவர்' என்ற ஸ்கிரீன் ரீடரை சேர்த்தது. மேக் கம்ப்யூட்டரில் ஓ.எஸ்.சை திரும்பப் போடும் திரையிலும் 'கமாண்ட்' கீயுடன் 'எப் 5' அழுத்தினால் இது பேசும்.

விண்டோசில் 'நேரேட்டர்' என்ற பேச்சு வசதி 2000-ம் ஆண்டில் இருந்தே உண்டு. ஆனால் ஓ.எஸ். போடும் திரையில் அது வரவில்லை. எக்ஸ்.பி., விஸ்டா, 7, 8 என்று ஒவ்வொன்றாக வந்து போயின. கடைசியில் 2017-ல் வெளியான 'விண்டோஸ் 10' அப்டேட்டில்தான் இன்ஸ்டால் திரைக்கும், ரிப்பேர் செய்யும் 'ரெக்கவரி' திரைக்கும் நேரேட்டர் வந்தது. 'விண்டோஸ் 11'-லும் இந்த வசதி உண்டு.

இதைப் பேச வைக்க, 'கண்ட்ரோல்', 'விண்டோஸ்', 'என்டர்' ஆகிய 3 கீகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். சில கம்ப்யூட்டர்களின் சவுண்டு கார்டை இன்ஸ்டாலர் அடையாளம் காணாமல், சத்தமே வராமல் போவதும் உண்டு. அப்போது யு.எஸ்.பி. ஹெட்செட்டை செருகிப் பார்க்கலாம்.

செல்போனில் இந்தப் பிரச்சினை முன்பே தீர்ந்து விட்டது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், பெட்டியைப் பிரித்து ஆன் செய்த முதல் திரையிலேயே 2 வால்யூம் பட்டன்களையும் சேர்த்துப் பிடித்தால் 'டாக்பேக்' பேசத் தொடங்கும். ஐபோனில் பக்கவாட்டு பட்டனை (பழைய மாடலில் ஹோம் பட்டனை) 3 முறை அழுத்தினால் வாய்ஸ் ஓவர் வந்து விடும்.

இன்னும் பேசாத இடம்

எல்லாம் சரி, ஒரே ஒரு இடம் மட்டும் பாக்கி. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், ஓ.எஸ். வருவதற்கு முன்னால் ஓடும் 'பயாஸ்' பகுதி பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் பேசாது. 'ஹார்டு டிஸ்க் வேண்டாம், பென் டிரைவில் இருந்து தொடங்கு' என்று சொல்ல வேண்டியது இங்கேதான். அதற்கான கீ ஒரு கம்பெனியில் 'எப் 12', இன்னொன்றில் 'எப் 9', வேறொன்றில் 'எஸ்கேப்' என்று மாறும்.

இதற்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. பழைய விண்டோஸ் உயிரோடு இருந்தால், 'ஷிப்ட்' கீயைப் பிடித்துக்கொண்டு 'ரீ-ஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். அப்போது வரும் திரையில் நேரேட்டரை பேச வைத்து, பென் டிரைவை தேர்ந்தெடுக்கலாம். பயாஸ் பக்கம் போகவே தேவையில்லை.

விண்டோஸ் அடியோடு போய் விட்டால் செல்போன் கை கொடுக்கும். 2015-ல் தொடங்கப்பட்ட 'பி மை ஐஸ்' ஆப்பில், முகம் தெரியாத தன்னார்வலர் ஒருவர் வீடியோ காலில் திரையைப் பார்த்துச் சொல்வார். இதுவும் இரவல் கண்தான். ஆனாலும் பயாசை கடக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் கேட்டால் போதும். பாஸ்வேர்டு அடிக்கும் கட்டம் வருவதற்குள் காலை கட் செய்து விடலாம்.

ஓ.எஸ். போடும் முன் கவனிக்க...

* முக்கியமான பைல்களை வேறு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதைக் கழற்றி வைத்து விட வேண்டும். கழற்றி வைத்த டிஸ்க் தவறுதலாகவும் அழியாது.

* ஹார்டு டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியும் எத்தனை ஜி.பி. என்று முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். இன்ஸ்டாலர் 'பகுதி 1, பகுதி 2' என்று படிக்கும்போது, எது எது என்று அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

* கம்ப்யூட்டரின் 'பூட் மெனு' கீ எது என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

* என்.வி.டி.ஏ.வை தனி பென் டிரைவில் போட்டு வைத்தால், புது விண்டோஸ் ஏறியதும் இன்ஸ்டால் செய்யாமலே அதில் இருந்து ஓட்டலாம்.

* சர்வீஸ் கடைக்காரர்கள், பார்வையற்றவரின் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தால் ஸ்பீக்கரை ஆன் செய்து, நேரேட்டரை பேச விட்டு வேலை பார்க்கலாம். என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரியும். பாஸ்வேர்டை அவரே அடித்துக் கொள்வார். திருப்பிக் கொடுக்கும் முன் குரல் வருகிறதா என்று ஒரு தடவை சோதித்து விடுவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42-வது பிரிவில், அன்றாடம் பயன்படுத்தும் மின்னணு சாதனங்கள் எல்லோரும் பயன்படுத்தும் வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கூறுகிறது. 2025-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பில், டிஜிட்டல் சேவைகளைப் பெறுவது வாழ்வுரிமையோடு சேர்ந்த விஷயம் என்று கூறப்பட்டது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும், பார்வையற்றவர்களும் ஆன்லைன் 'கே.ஒய்.சி.' சரிபார்ப்பில் படும் சிரமம் பற்றிய வழக்கு அது.

கம்ப்யூட்டர் வாங்கும்போதே தொடங்குகிறது இந்த விஷயம். அரசு ஆபீசோ, பள்ளிக்கூடமோ மொத்தமாக கம்ப்யூட்டர் வாங்கும்போது 'பூட் மெனுவை பார்வையற்றவர் எப்படி இயக்குவார்?' என்ற கேள்வியையும் கேட்டால், கம்பெனிகள் பயாசையும் பேச வைக்க வேண்டி வரும். இன்ஸ்டால் திரை பேசுவதற்கு விண்டோஸ் உபயோகிப்பவர்கள் 2017 வரை காத்திருந்தார்கள். பயாஸ் விஷயத்தில் அந்தக் காத்திருப்பு இன்னும் முடியவில்லை.