பழைய ஜோடி... புது நிக்காஹ்!

டிரைவிங் லைசென்ஸுக்குக் காலாவதி உண்டு. இன்ஷூரன்ஸ் பாலிசிக்கு உண்டு. கல்யாணத்துக்கு?

‘அப்படி ஒரு வசதி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்!’ என்று பெருமூச்சு விடும் அன்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். இஸ்லாத்தில் கல்யாணம் என்பது ஓர் ஒப்பந்தம்தான். ஆனால், நம் ஊர் சுன்னி முஸ்லிம்களின் நிக்காஹ்வில் காலாவதித் தேதி கிடையாது!

ஒப்பந்தம் என்றாலே என்னைப் போன்ற பி.காம். ஆசாமிகளுக்குக் கை குறுகுறுக்கும். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் சம்மதிக்க வேண்டும், சாட்சிகள் வேண்டும், மாப்பிள்ளை பெண்ணுக்கு மஹர் தரவேண்டும்... எல்லாமே காலேஜில் உருப்போட்ட 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை ஞாபகப்படுத்தும். அலகாபாத் ஹைகோர்ட் நீதிபதி சையத் மஹ்மூத், 1886-ல் தந்த தீர்ப்பிலேயே இதை சிவில் ஒப்பந்தம் என்றுதான் சொன்னார்.

அப்படியானால் இதைப் புதுப்பிப்பது எப்போது? எங்கள் ஊர் ஜமாத் செயலாளர் பாயிடம் கேட்டேன்.

“நிக்காஹ் என்ன ரேஷன் கார்டா தம்பி, அப்பப்போ புதுப்பிக்க? அறுந்தாத்தான் மறுபடி முடிச்சு!” என்று சிரித்தார்.

விஷயம் இதுதான். கணவன் ஒரு தலாக் சொல்கிறார். உடனே இத்தா ஆரம்பம். மூன்று மாதவிடாய்க் காலம். கர்ப்பிணியென்றால் பிரசவம் வரை. அதற்குள் கணவன் மனம் மாறினால் மனைவியை அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். புது நிக்காஹ் தேவையில்லை.

இத்தா முடிந்துவிட்டதா? இனி அவர் அந்நியர். சேர வேண்டுமென்றால் புது நிக்காஹ், புது சாட்சிகள், புது மஹர். முக்கியமாக, அந்தப் பெண்ணின் சம்மதம்! மனைவியே கேட்டு வாங்கும் ‘குலா’ விவாகரத்து என்றால், இத்தாவுக்குள்ளேகூட அவள் சம்மதமும் புது நிக்காஹ்வும் இல்லாமல் கணவன் திரும்பி வர முடியாது.

ஆனால், புது நிக்காஹ் என்பதால் பழைய கணக்கு அழிந்துவிடாது. சொன்ன தலாக், அடுத்த பக்கத்துக்கு ‘முன்கொணர்வு’ ஆகும். மொத்தமே மூன்று. மூன்றாவதும் சொல்லிவிட்டால் கதவு அடைப்பு. அவள் வேறொருவருடன் நிஜமாகவே குடும்பம் நடத்தி, அவர் இறந்தோ தானாக விவாகரத்து ஆகியோ, அந்த இத்தாவும் கழிந்தால்தான் பழையவரை மணக்க முடியும். இதற்காகவே ஒரு ‘ஒருநாள் மாப்பிள்ளை’யைப் பிடிப்பதை நபிகள் நாயகம் சபித்திருக்கிறார்.

“மூணையும் ஒரே மூச்சில் சொல்லிட்டா?” என்று கேட்டேன்.

“சட்டம் ஒத்துக்காது தம்பி” என்றார். நிஜம்தான். 2017-ல் சுப்ரீம் கோர்ட் அந்த முத்தலாக்கைச் செல்லாது என்றது. 2019-ம் வருஷச் சட்டப்படி அது குற்றம். மூன்று வருஷம் வரை ஜெயில்.

சரி, பெண் சம்மதிக்கிறாள், வீட்டார் சம்மதிக்கவில்லை. அப்போது?

நபிகள் காலத்திலேயே இது நடந்திருக்கிறது. மஃகில் பின் யஸார் என்ற தோழர், தன் சகோதரியை ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார். அந்த ஆள் தலாக் சொல்லி, இத்தாவும் முடியும்வரை சும்மா இருந்துவிட்டு, பிறகு மறுபடி பெண் கேட்டு வந்து நின்றார். அண்ணன்காரருக்குக் கோபம் வராதா? ‘உன்னை மதித்துப் பெண் கொடுத்தேன், விரட்டிவிட்டாய். இனி தரமாட்டேன்’ என்று மறுத்துவிட்டார். ஆனால், அந்தப் பெண்ணுக்கோ திரும்பிப் போக ஆசை.

அப்போது இறங்கியதுதான் திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயத்தின் 232-ம் வசனம். இருவரும் முறைப்படி ஒத்துப்போனால் குறுக்கே நிற்காதீர்கள் என்பது சாரம். மஃகில் தன் பிடிவாதத்தை விட்டு, தங்கையை மறுபடி அவருக்கே மணமுடித்துக் கொடுத்தார்.

இதைச் சொல்லிவிட்டு பாய் ஒன்று சேர்த்தார்: “வேண்டாம்னு அந்தப் பொண்ணு சொன்னாலும் அதே மரியாதைதான். யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது.”

புது நிக்காஹ்வுக்குத் தயாராகும் சகோதரிகளுக்குக் கணக்குப்பிள்ளையாக என் யோசனை: முதல் கல்யாணத்து மஹர் இன்னும் கைக்கு வரவில்லையா? அது கடன். நீங்களாக மன்னித்தாலொழிய தள்ளுபடி கிடையாது. பழைய பாக்கியை வாங்கிக்கொண்டு, புது மஹரை ஜமாத் தஃப்தரில் எழுத வைத்துவிட்டு, அப்புறம் ‘சம்மதம்’ சொல்லுங்கள்!