கொல்லைப்புறப் பட்டறைக்கு எந்தக் கம்பி?

செர்டாங் வட்டாரத்தில் வீட்டுக்குப் பின்னால் தனியாகப் பட்டறையோ சமையல் கூடமோ கட்டுகிறீர்களா? வீட்டு பிளக்கிலிருந்து வயரை இழுத்து மின்சாரம் கொடுக்கும் முன் ஒரு சிறு கணக்கைப் பாருங்கள்.

பட்டறை 40 மீட்டர் தள்ளி உள்ளது. அங்கே 20 ஆம்பியர் வேண்டும் என்போம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், போக்கும் வரவும் சேர்த்து, ஓர் ஆம்பியருக்கு மீட்டருக்கு 18 மில்லிவோல்ட் குறைகிறது. 18 × 20 × 40 = 14,400 மில்லிவோல்ட்; அதாவது 14.4 வோல்ட். 230 வோல்ட்டில் இது 6 விழுக்காட்டுக்கும் மேல். மோட்டார் திணறும்.

குறைந்த மின்னழுத்தம் எங்கே போனது? 14.4 × 20 = 288 வாட், கம்பியிலேயே வெப்பமாகிறது. சுருட்டி வைத்த வயரில் அந்த வெப்பம் வெளியேறாமல் உறை உருகலாம், தீயும் பிடிக்கலாம். 10 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 3.5 வோல்ட், 70 வாட் மட்டுமே.

தடித்த கம்பி மட்டும் போதுமா? போதாது. 20 ஆம்பியர் எம்.சி.பி. கம்பியைத்தான் காக்கும். மனித உடலில் 0.03 ஆம்பியர் பாய்ந்தாலே ஆபத்து, எம்.சி.பி. அதை உணராது. அதை உணர்ந்து துண்டிப்பது 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. பட்டறைக்கு அதுவும் சரியான எர்த் இணைப்பும் கட்டாயம் தேவை.

வீட்டின் மொத்தச் சுமை கூடினால் பிரதான இணைப்பையும் உயர்த்த வேண்டியிருக்கும். அதற்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின் குத்தகையாளர் வழியாகத் தெனாகா நேஷனலுக்கு விண்ணப்பியுங்கள். தூரத்தையும் சுமையையும் முதலில் சொல்லுங்கள்; கம்பியின் தடிமனை அவைதாம் முடிவு செய்கின்றன.