கோபாலனும் அவர் பெயர் தாங்கிய கிண்ணமும்

கிரிக்கெட், ஹொக்கி ஆகிய இரு விளையாட்டுகளிலும் இந்தியாவின் சார்பில் ஆடும் பேறு மிகச் சிலருக்கே வாய்த்தது. அவர்களுள் ஒருவர் சென்னையின் எம். ஜே. கோபாலன். 1909 ஆம் ஆண்டு மொரப்பாக்கத்தில் பிறந்த இவர், திருவல்லிக்கேணிக் கழகத்தில் ஆடிப் பெயர் பெற்றார். இவருடைய பந்துவீச்சைக் கண்டு வியந்த சி. பி. ஜோன்ஸ்டன் என்னும் ஆங்கிலேய ஆட்டக்காரர், பர்மா ஷெல் நிறுவனத்தில் இவருக்கு வேலை கிடைக்க வழிசெய்தார்.

1934 ஆம் ஆண்டு ஜனவரியில், கல்கத்தாவில் ஜார்டீனின் இங்கிலாந்து அணியை எதிர்த்துக் கோபாலன் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார். அவ்வாண்டு நவம்பர் 4 ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. ரஞ்சிக் கிண்ண வரலாற்றின் முதற் பந்தை வீசியவர் கோபாலனே. அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, சென்னை வென்றது.

1935 இல் தியான் சந்துடன் நியூசிலாந்து சென்ற இந்திய ஹொக்கி அணியிலும் கோபாலன் இடம்பெற்றார். மறு ஆண்டு இரு அழைப்புகள் ஒருங்கே வந்தன. ஒன்று பெர்லின் ஒலிம்பிக்கிற்கான ஹொக்கி வாய்ப்பு. மற்றொன்று இங்கிலாந்துக் கிரிக்கெட் சுற்றுப்பயணம். கோபாலன் கிரிக்கெட்டையே தேர்ந்தார். அங்கு நடந்த மூன்று டெஸ்ட் ஆட்டங்களில் ஒன்றிலேனும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பெர்லினிலோ ஹொக்கி அணி ஜெர்மனியை 8–1 என வென்று தங்கம் பெற்றது. கல்கத்தாவில் ஆடிய ஆட்டமே அவருடைய ஒரே டெஸ்டாக நின்றுவிட்டது.

ஆயினும், அவர் தேர்ந்த வழி வீண்போனதென்று கூறுதல் பொருந்தாது. 1952–53 பருவத்தில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய போட்டிக்குக் கோபாலன் கிண்ணம் எனப் பெயரிடப்பட்டது. இதன் பயனை அறிய, முதல்தரக் கிரிக்கெட்டின் இயல்பை உணர வேண்டும். மூன்று நாட்களோ அதற்கு மேலோ நீளும் அவ்வாட்டத்தில், ஓரிரு அதிரடி அடிகள் போதா. தேய்ந்த ஆடுகளத்திலும், களைத்த உடலோடும் பொறுமை காக்க வேண்டும். இலங்கையில் அக்காலத்தில் உள்நாட்டு முதல்தரத் தொடர் எதுவும் இல்லை. எனவே, நம் ஆட்டக்காரருக்கு அத்தகைய பயிற்சியைத் தந்த அரிய வாய்ப்புகளுள் ஒன்றாக இக்கிண்ணம் விளங்கிற்று. 1981 இல் இலங்கை டெஸ்ட் தகுதி பெற்றது. 1982 பெப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து அரங்கில் தன் முதல் டெஸ்டை ஆடியது. அத்தகுதிக்கு நெடுநாள் உழைத்த தலைமுறைகளின் பயிற்சியில் கோபாலன் கிண்ணத்திற்கும் பங்குண்டு.

கோபாலன் 2003 டிசம்பரில் மறைந்தார். இன்று கல்முனைக்குடிக் கடற்கரையில் பந்தெறியும் சிறுவர் அவர் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால், அவர்கள் கனவு காணும் தேசிய அணி நடந்து வந்த பாதையில் அவர் பெயரும் ஒரு மைற்கல்லாக நிற்கின்றது. பதக்கப் பட்டியலில் இடம்பெறாத ஒருவருடைய வாழ்வும் பிறர்க்கு ஏணியாகலாம் என்பதே அவர் வரலாறு நமக்கு உணர்த்துவது.